முலாமுக்கு அடியில்

பழைய புல்லட்டைப் பிரித்துப் போட்டவர் செய்கிற முதல் தவறு பெரும்பாலும் ஒரு சாக்குப்பையில் தொடங்குகிறது. ஹேண்டில்பார், கிக்கர், பிரேக் பெடல், மட்கார்டு ஸ்டே, ஸ்டாண்டு ஸ்பிரிங், அதோடு ஒரு பால்பவுடர் டப்பா நிறைய போல்ட்டும் நட்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி முலாம் பட்டறை வாசலில் இறக்கிவிட்டு, "மொத்தத்துக்கும் குரோம் போட்டுடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது.

நானும் அப்படித்தான் செய்தேன். பத்து நாள் கழித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பிரிக்கப் பிரிக்கக் கண் கூசியது. வீட்டுக்கு வந்து வெயிலில் பரப்பி வைத்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஹேண்டில்பாரில் துரு தின்ற குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி அப்படியே இருந்தன. ஒரே வித்தியாசம், இப்போது அவை மின்னின. நட்டு ஒன்றுகூட போல்ட்டில் ஏறவில்லை. பெடலின் விளிம்புகள் பாதி தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டுபோயிருந்தன. ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டிய மூன்றாம் நாள் காலையில் அது இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

பட்டறைக்காரர் மேல் குறையில்லை. சொன்னதைச் செய்தார். சொன்னவனுக்குத்தான் தான் கேட்பது என்னவென்று தெரியவில்லை.

நமக்கு முலாம் என்றால் கவரிங் நகைதான் ஞாபகத்துக்கு வரும். உள்ளே செம்போ பித்தளையோ இருக்கும், மேலே தங்கம் தெரியும். உள்ளே இருப்பதை மறைப்பதுதான் அதன் வேலையே. குரோம் முலாமையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். சொட்டை, கீறல், குழி எல்லாவற்றையும் அது மூடிவிடும் என்று நம்புகிறோம். உண்மையில் வண்டிச் சாமானில் படியும் குரோமின் தடிமன் ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி. தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். நூற்றைம்பது, இருநூறு குரோம் படலங்களை அடுக்கினால்தான் ஒரு முடியின் தடிமன் வரும். இவ்வளவு மெல்லியது எந்தக் குழியை நிரப்பும்? கண்ணாடியைப் போல, அடியில் இருப்பதை அது இன்னும் துலக்கமாகக் காட்டிக்கொடுக்கும்.

நாம் குரோம் என்று சொல்வது தனியொரு பூச்சும் அல்ல. இரும்பின் மேல் பெரும்பாலும் முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியாகத்தான் குரோம். துருவைத் தடுத்து நிறுத்துவது நிக்கல். வெளியில் ஓடும் வண்டிக்கு அது 20 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 30 இருந்தால் நிம்மதி. குரோமுக்கு இரண்டே வேலை: நிக்கல் மங்காமல் பார்த்துக்கொள்வது, கீறல் விழாமல் காப்பது. குரோம் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இயல்பிலேயே உண்டு. ஈரமும் உப்பும் அவற்றின் வழியாக இறங்கும். அடியில் நிக்கல் தடிமனாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மலிவான வேலையில் நிக்கலைத் தொட்டும் தொடாமலும் பூசிவிட்டுக் குரோம் தொட்டியில் முக்கி எடுத்துவிடுவார்கள். கடையில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஒரு மழைக்காலம் போனால் எது எது என்று தெரிந்துவிடும், அதுவும் திருவொற்றியூர், எண்ணூர் பக்கக் கடல்காற்றில் நிற்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே முலாம் பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி "குரோம் எவ்வளவு?" என்பதல்ல. "நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம் வைப்பீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிறவரிடம் சாமானைத் தைரியமாக விட்டுவரலாம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். வண்டிகளில் குரோம் புழக்கத்துக்கு வந்ததே 1920களின் கடைசியில்தான். அதற்கு முந்திய மோட்டார் சைக்கிள்களில் மின்னியதெல்லாம் நிக்கல். நிக்கலின் ஒளி வேறு. லேசான மஞ்சள் ஓடிய, சூடான வெள்ளை. குரோமில் நீலம் கலந்திருக்கும். 1924ஆம் வருஷத்து வண்டிக்குக் குரோம் போட்டுக் கண்காட்சியில் நிறுத்துவது, சோழர் காலத்துச் செப்புத் திருமேனிக்கு அலுமினியப் பெயின்ட் அடிப்பது போல. செலவு செய்து கெடுத்த கதை.

குழியை நிரப்புவது முலாமின் வேலை இல்லை என்றால் யார் வேலை? அரமும் உப்புத்தாளும் பஃபிங் சக்கரமும்தான். பழைய முலாமை உரித்து, துருவை எடுத்து, முரட்டுத் தாளில் தொடங்கி நைஸ் தாள்வரை ஒவ்வொன்றாகத் தேய்த்து வர வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்திய தாள் விட்ட கோட்டை முழுதாக அழித்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் அந்தக் கோடு கடைசிவரை கூடவே வரும். ஆழமான குழிகளுக்குச் செம்பு உதவும். செம்பைத் தடிமனாகப் படியவிட்டு, தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடி படியவிட்டு, மறுபடி தேய்ப்பார்கள். இரண்டு மூன்று சுற்று போனால் பள்ளம் சமமாகிவிடும். நல்ல குரோம் வேலைக்குக் கேட்கிற கூலியில் பெரும்பகுதி இந்தத் தேய்ப்புக்குத்தான் போகிறது. ரசீதில் மட்டும் 'குரோம்' என்று போட்டிருக்கும்.

தேய்ப்பிலும் ஒரு ஆபத்து உண்டு. என் பெடல் சோப்புக்கட்டி ஆன கதை அதுதான். பஃபிங் சக்கரத்துக்கு மேடு பள்ளம், விளிம்பு, துளை எதுவும் தெரியாது. அழுத்திப் பிடித்தால் நேர் விளிம்பை உருட்டிவிடும், துளையின் வாயை இழுத்து நீள்வட்டமாக்கிவிடும். அலுமினிய இன்ஜின் கவரில் இது இன்னும் மோசம். இரும்பைவிட அலுமினியம் எவ்வளவோ மெத்து. வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எழுத்துகள் இருக்குமே, அவை இரண்டு நிமிஷக் கவனக்குறைவில் கரைந்துபோகும். பிறகு அவற்றை எழுப்ப வழி கிடையாது. எழுத்து உள்ள இடம், ஓரம், திருகு உட்காரும் முகம் இவற்றை எல்லாம் கையால், மரக்கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்துவிட்டு, நடுவில் உள்ள வெற்றுப் பரப்பை மட்டும் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் கவர்களுக்கு மட்டும்தான் பாலிஷ் போட்டிருப்பார்கள். கிராங்க்கேஸ் வார்த்தபடியே சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதையும் சேர்த்துப் பளபளப்பாக்குகிறவர் தொழிற்சாலை செய்யாத ஒன்றைச் செய்கிறார். அவர் பணம், அவர் வண்டி. ஆனால் அதற்கு 'ஒரிஜினல்' என்று பெயர் வைக்கக் கூடாது.

சரி, அந்த ஸ்பிரிங்.

இரும்பை முலாமுக்குத் தயார் செய்ய அமிலத்தில் முக்குவார்கள். பிறகு தொட்டியில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். இரண்டு இடத்திலும் ஹைட்ரஜன் பிறக்கும். குரோம் தொட்டியில் இது அதிகம். பாய்ச்சும் மின்சாரத்தில் பெரும்பங்கு குரோமைப் படியவைக்காமல் ஹைட்ரஜனை உண்டாக்குவதிலேயே செலவாகிறது. அந்த அணுக்களில் கொஞ்சம் இரும்புக்குள் நுழைந்துவிடும். சாதாரண எம்.எஸ். இரும்பு அதைப் பொருட்படுத்தாது. ஆனால் ஸ்பிரிங், உயர் வலு போல்ட், கடினப்படுத்திய அச்சு போன்றவற்றில் அது உள்ளிருந்தே எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். பூட்டிய உடனே ஒடியாது. இழுவிசையில் நிற்க நிற்க, சில மணி நேரத்திலோ சில நாளிலோ, யாரும் தொடாமலே பட்டென்று போகும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வேகவைத்தால் ஹைட்ரஜனைப் பெருமளவு வெளியேற்றிவிடலாம். நம் தெருமுனைப் பட்டறைகளில் அதற்கான அடுப்பைத் தேடிப் பிரயோஜனமில்லை. எனவே ஸ்பிரிங்குக்குக் கறுப்புப் பெயின்ட் போதும். ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒடிந்தால் வண்டி சாயும், அவ்வளவுதான். முன்சக்கர அச்சோ பிரேக் ராடோ ஒடிந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

போல்ட்டு, நட்டு விஷயம் கணக்கு. மரையின் பக்கங்கள் சாய்வாக இருப்பதால், அவற்றின் மேல் ஒரு பங்கு முலாம் ஏறினால் மரையின் பிட்ச் விட்டம் நான்கு பங்கு கூடும். 25 மைக்ரான் படிந்தால் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அது விழுங்கிவிடும். உடனே என்ன செய்கிறோம்? டையைப் போட்டுத் திருப்பி, போட்ட முலாமைச் சீவி எடுக்கிறோம். போல்ட்டின் தலை மின்னும், மரை துருப்பிடிக்கும். அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் காட்மியமோ துத்தநாகமோ போட்டதற்குக் காரணம் இதுவே: மெல்லிய பூச்சிலேயே துருவைத் தடுக்கும். காட்மியம் நஞ்சு, இன்றைக்கு வேண்டாம். துத்தநாகமே போதும். அதன் மங்கலான வெள்ளி நிறம்தான் பழைய வண்டிக்குப் பொருத்தமும்கூட.

மரை என்று ஆரம்பித்ததால் இன்னொரு சிக்கலையும் அவிழ்த்துவிடலாம். நல்ல வண்டிகள் பல பாழாவது இந்த இடத்தில்தான்.

நம் பட்டறைகளில் இன்றும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து 'நூல்' என்பார்கள். கால் அங்குல போல்ட் என்றால் இரண்டு நூல். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்றால் இரண்டரை நூல். மில்லிமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் இந்த அளவு போகவில்லை. பழைய பிரிட்டிஷ் வம்ச வண்டிக்காரருக்கு அது வசதிதான். ஆனால் இரண்டரை நூல் என்பது தடிமனை மட்டுமே சொல்கிறது. அதே தடிமனில் விட்வொர்த் மரைக்கு அங்குலத்துக்கு 18 புரி, பி.எஸ்.எஃப். என்றால் 22, சைக்கிள் மரை என்றால் 26. முதல் இரண்டின் புரிக் கோணம் 55 டிகிரி, சைக்கிள் மரையுடையது 60. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் இவை எல்லாம் ஒரே வண்டியில் கலந்து கிடக்கும். அலுமினியத்தில் ஏறும் ஸ்டட்டின் ஒரு முனையில் பெரிய புரி, நட்டு ஏறும் மறுமுனையில் சின்னப் புரி என்பது சாதாரணம். மெத்தான உலோகத்துக்கு ஆழமான புரி வேண்டும் என்பதால் அப்படி.

இப்படிப்பட்ட இரண்டரை நூல் ஓட்டையில் நம் ஆள் எட்டு எம்.எம். போல்ட்டைக் கொண்டுவந்து வைக்கிறார். இரண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர், எட்டோடு வித்தியாசம் மயிரிழை. புரியோ ஒத்துப்போகாது. இரண்டு சுற்று கையில் ஏறும், மூன்றாவதில் இறுகும். "டைட்டா இருக்கு, நல்லா பிடிக்கும்" என்று ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் அலுமினிய மரை சீவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஸ்பேனரும் இதே கதைதான். விட்வொர்த் ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் போல்ட்டின் தடிமன். தலையின் அகலம் அல்ல. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர். 13 நுழையாது, 14 வழுக்கும். தலையெல்லாம் உருண்டுபோன போல்ட்டுகளோடு எத்தனை பழைய வண்டிகள் நிற்கின்றன என்று பாருங்கள்; அத்தனையும் 14ஆம் நம்பர் ஸ்பேனரின் கைங்கர்யம். புரியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி தீரும். 'மரை கழன்றவன்' என்று ஒருவரைச் சொல்வதற்கு நம்மிடம் வழக்கு இருக்கிறது. மரை மாறிப் பூட்டியவனுக்கு இன்னும் ஒரு வசவு கண்டுபிடிக்கவில்லை.

புல்லட்டுக்கு எதற்காகப் பட்டறையில் சாமான் செய்ய வேண்டும், கடையில் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் ஊசிக்குப் பேர்போன ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி இது. 1955இல் அங்கிருந்த தாய்க் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானபோது திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் வண்டி இறக்கினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே வார்த்துக் கடைந்து வரத் தொடங்கியது. தாய்வீடு மூடப்பட்ட பிறகும் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட அந்த 346 சி.சி. இன்ஜின் இங்கே பல்லாண்டு ஓடியது. அதனால் பிஸ்டன், வால்வு, கேபிள் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், கழற்றிய பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. கிடைக்காதது சின்னச் சாமான்கள். குறிப்பிட்ட வருஷத்து டூல்பாக்ஸ் திருகு, மட்கார்டு ஸ்டேயின் வளைவு, பெடல் அச்சு. கிடைத்தாலும் பின்னாள் வடிவத்தில் இருக்கும். பூட்டினால் ஒரு நூல் இடிக்கும். அப்போதுதான் லேத் பட்டறையைத் தேடுகிறோம்.

அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் ஒரு பெடல் அச்சில். பிரேக் பெடல் பக்கவாட்டில் ஆடியது. பெடலில் உள்ள புஷ்ஷும் அது சுழலும் அச்சும் இரண்டும் தேய்ந்திருந்தன. பழைய அச்சைக் கொண்டுபோய் லேத் மேஸ்திரியிடம் கொடுத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். அறுபதைத் தாண்டியவர். வெர்னியரை நடுவில் வைக்காமல் அச்சின் ஓரத்தில், வாஷருக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் வைத்தார். பிறகு நடுவில் வைத்துக் காட்டினார். 0.3 மில்லிமீட்டர் குறைவு.

"இதே மாதிரி செஞ்சா தேஞ்சுபோனது ஒண்ணு புதுசா கிடைக்கும் தம்பி" என்றார்.

பழைய சாமானைப் பார்த்துச் செய்வதில் உள்ள கண்ணியே இதுதான். தேய்ந்ததை அளந்தால் தேய்மானமும் அளவில் சேர்ந்துவிடும். எந்த அச்சிலும் தேயாத ஓர் இடம் இருக்கும்: பின் மறைக்கும் ஓரம், வாஷர் அமரும் விளிம்பு, எதிர்ப்பாகம் தொடாத பக்கம். அங்கேதான் தொழிற்சாலையின் கை இருக்கிறது. அதைத் தேடி அளக்க வேண்டும்.

அடுத்து உலோகம். சுழலும் இரண்டில் ஒன்று மெத்தாக இருக்க வேண்டும், மாற்றுவதற்கு எளிதானது எதுவோ அது தேய வேண்டும் என்பது பழைய விதி. எனவே அச்சு எஃகு, புஷ் கன்மெட்டல். கன்மெட்டல் என்பது செம்போடு வெள்ளீயமும் கொஞ்சம் துத்தநாகமும் சேர்ந்தது. பீரங்கி வார்த்த உலோகம் என்பதால் அந்தப் பெயர். பீரங்கியைச் சின்னமாக வைத்துக்கொண்ட வண்டிக்குள் பீரங்கி உலோகம் ஒளிந்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. பித்தளையைக் கன்மெட்டல் என்று தலையில் கட்டுவதும் நடக்கும். அறுத்த முகத்தின் நிறத்தைப் பாருங்கள்: பித்தளை மஞ்சள், கன்மெட்டலில் செம்மை ஓடும்.

எஃகிலும் இப்படித்தான். இப்போது எல்லோரும் எதற்கெடுத்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்கிறார்கள். துருப்பிடிக்காது, முலாம் வேண்டாம், பாலிஷ் போட்டால் போதும். டூல்பாக்ஸ் திருகுக்கும் மட்கார்டு போல்ட்டுக்கும் அது சரி. சக்கர அச்சுக்குச் சரியில்லை. வழக்கமாகக் கிடைக்கும் 304 ரகம், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டனை ஒட்டிய இழுவிசையிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். பதப்படுத்திய ஈ.என். 24 எஃகு அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். பாத்திரக் கடையில் உறுதியின் மறுபெயராக இருக்கும் எவர்சில்வர், அச்சுக்கு வந்தால் சவலை. பெடல் அச்சு மாதிரி நடுத்தரச் சுமைக்கு ஈ.என். 8 போதும் என்றார் மேஸ்திரி. அதையே போட்டோம்.

புஷ்ஷைக் கடைந்தபோது துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவராமல் கொஞ்சம் சிறிதாகவே விட்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பெடலின் கண்ணுக்குள் இறுக்கமாக அழுத்தி ஏற்றும்போது புஷ் சுருங்கும். துளையும் சேர்ந்து சுருங்கும். முதலிலேயே சரியாகக் கடைந்திருந்தால் அச்சு நுழையாது, நாம் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கப் போவோம், துளை கோணலாகும். ஏற்றிய பிறகு ரீமரை விட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினார். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் விட்ட இடம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் இரண்டு பங்கு; எண்ணெய் நிற்க அது வேண்டும். அச்சை நிமிர்த்திப் பிடித்துப் பெடலை மேலிருந்து விட்டபோது அது விழவில்லை. தன் எடைக்கு மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அந்த இறக்கத்தைப் பார்த்த பிறகு முலாம் பட்டறையில் கண் கூசிய அனுபவம் எல்லாம் சின்னதாகப் போய்விட்டது.

மட்கார்டு ஸ்டேவுக்குக் குழாயை வளைக்க வேண்டியிருந்தது. வெறுங்குழாயை வளைத்தால் மடங்கும் இடத்தில் நசுங்கும். காய்ந்த மணலைக் குழாயில் இடித்து நிரப்பி, இரு முனையையும் அடைத்து, வளைய வேண்டிய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, தரையில் சாக்பீஸால் வரைந்த கோட்டுக்கு ஒட்டி வளைத்தார்கள். மணல் துளி ஈரமாக இருந்தாலும் உள்ளே நீராவி அடைபட்டு முனை தெறிக்கும்; அதனால் மணலை முதலில் சட்டியில் வறுத்துக்கொள்வது வழக்கம். முனைகளைப் பித்தளையால் பற்றவைக்கும்போது போடும் வெண்காரம் ஆறியதும் கண்ணாடி போலக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பொற்கொல்லர் அதை அமிலத்தில் போட்டு எடுக்காமல் நகையைத் தொட மாட்டார். இரும்புப் பட்டறையில் அப்படியே விட்டுவிடுவார்கள். அதன் மேல் மின்சாரம் பாயாது, முலாம் ஏறாது, சில மாதத்தில் பற்றவைத்த இடத்தைச் சுற்றி மட்டும் துரு வளையம் தெரியும். பட்டியும் அப்படித்தான். டேங்க்கின் சொட்டையைப் பட்டி பூசி மூடிவிட்டு அதன் மேல் குரோம் கேட்டால் நடக்காது. பெயின்ட்டுக்கு அடியில்தான் பட்டி வாழும். குரோம் பட்டைகள் உள்ள டேங்க் என்றால் சொட்டையை உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ தட்டியே எடுக்க வேண்டும். டிங்கர் வேலையில் கை தேர்ந்தவர் தேவைப்படும் இடம் அது.

டேங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. பல மாதம் காலியாகக் கிடந்தாலும் அதற்குள் பெட்ரோல் ஆவி இருக்கும். மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு வெல்டிங் தீயைக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல தடவை வெந்நீரும் சோப்பும் விட்டு அலசி, வெல்டிங் போடும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி மீதியைத் தண்ணீரால் நிரப்பி, காற்றுக்கு இடம் வைக்காமல்தான் தொட வேண்டும்.

சட்டம் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதில் நிபந்தனை. தேய்ந்த புஷ்ஷை மாற்றுவதையும் ஸ்டேயைப் புதிதாகச் செய்வதையும் நான் இதற்கு முரணாகப் பார்க்கவில்லை, அது பராமரிப்பு. ஃபிரேமை வெட்டி நீட்டுவது வேறு. எல்லாவற்றையும்விட, ஃபிரேமை மணல் அடித்துத் தேய்க்கும்போது சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். அந்த இடத்தில் டேப்பை ஒட்டிக் கொடுங்கள், பட்டறைக்காரரிடம் விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். எழுத்து மங்கிய எண்ணோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்பவரின் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஃபிரேமுக்கு இப்போது பவுடர் கோட்டிங் போடுவது வழக்கமாகிவிட்டது. உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் தடிமன் 60 முதல் 100 மைக்ரான் வரை வரும். பேரிங் கப் உட்காரும் இடம், இன்ஜின் பிளேட் பூட்டும் முகம், மரைத் துளைகள் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுக்காவிட்டால் பிறகு கத்தியால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் இந்தத் தடவை எல்லாவற்றையும் அடைத்துத்தான் கொடுத்தேன். பட்டியல் போட்டு, மரைகளுக்குப் பழைய போல்ட்டையே திருகி, கப் இடத்தில் டேப் சுற்றி. சாக்குப்பையும் இல்லை, ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு, சீட்டில் குரோம், ஜிங்க், பெயின்ட், தொடாதே என்று நான்கில் ஒன்று.

வண்டி பூட்டி முடிந்தது. இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. ஹார்னை அழுத்தினேன், சத்தமில்லை. விளக்கும் எரியவில்லை. பேட்டரி சரி, வயர் புதிது, சுவிட்ச் சரி. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு உறைத்தது. பழைய வண்டியில் பாதி வயர் ஃபிரேம்தான். மின்சாரம் திரும்பிப் போகும் வழி அதுதான். பேட்டரியின் எர்த் வயரைப் பூட்டியிருந்த துளையைச் சுற்றி அழகான கறுப்புப் பூச்சு, ஒரு பொட்டு விடாமல். போல்ட்டைக் கழற்றி, பேனாக்கத்தியால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுரண்டினேன். வெள்ளை இரும்பு தெரிந்தது. பல் வாஷர் ஒன்றைப் போட்டு, கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டினேன். ஹார்ன் அடித்தது.